பழகிய வடிவும் புதிய வடிவும்: இணையத்தள மாற்றமும் பயன்கொள்வோர் மனநிலையும்

மக்கள் நாடோறும் கையாளும் பொருளொன்றின் உருவம் மாறும்போது அதனைக் கையாளுவோர் அனைவரும் அம்மாற்றத்தை ஒரே வகையாக ஏற்பதில்லை. ஒருவர் மகிழ்வர், ஒருவர் சினப்பர், ஒருவர் மாற்றம் நிகழ்ந்ததென்பதையே அறியார், இன்னொருவரோ ஒரு சொல்லுஞ் சொல்லாது அப்பொருளைக் கைவிட்டு அகல்வர். இணையத்தளங்களின் தோற்றத்தை மாற்றியமைப்போர் இந்நால்வகையினரையும் நாளும் எதிர்ப்படுகின்றனர். மாற்றம் ஒன்றாயிருக்க, அதனாலெழும் மனநிலை பலவாதல் எதனால் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இப்பொருள் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் மேலைநாட்டுக் கம்பனிகளின் அனுபவத்தையே எடுத்துக்காட்டுவர். நமக்கு அத்துணைத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தமிழெழுத்தின் வரலாறும், அம்பாறைக் கரையோரத்தில் மருதமுனை முதல் பொத்துவில் வரை தொடர்ந்து கிடக்கும் ஊர்களின் வாழ்க்கையும் இதற்குப் போதிய சான்று தருவன.

முதற்கண் பழக்கமென்பது யாதென நோக்குவோம். தன் அடுக்களையில் விளக்கின்றியே உப்புச் சாடியை எடுக்கும் இல்லாள் அச்சாடியின் மேலொட்டிய பெயரை வாசித்து எடுப்பதில்லை. அஃதிருக்கும் இடத்தை அவள் கை அறியும். இணையத்தளத்தை நெடுநாட் பயன்படுத்துவோரும் அவ்வாறே. அவர்கள் பக்கத்தை வாசிப்பதில்லை, பக்கத்தில் நடக்கின்றனர். மேலே வலப்புறத்தில் மூன்றாவது சொல்லை அழுத்தினால் வேண்டியது வருமென்பது அவர்தம் விரலில் உறைந்த அறிவு. தளத்தை வகுப்போன் அதனை ஓவியம்போற் காண்கின்றான். அவனுக்கு அது நெருக்கமாகவும் அழகற்றும் தோன்றலாம். பயன்கொள்வோனுக்கோ அது பாதை. ஓவியத்தை மாற்றி வரையலாம். பாதையை ஒரே இரவில் வேறு திசைக்குத் திருப்பினால் நடப்பவன் தடுமாறுவான்.

இதனால் ஒரு முரண் விளைகின்றது. மாற்றத்தால் மிகுதியும் இழப்போர் அறியாதவரல்லர், நன்கு தேர்ந்தவரே. முதன்முதல் வருபவனுக்குப் பழைய வடிவும் புதியது, புதிய வடிவும் புதியது. பத்தாண்டு பழகியவனோ தான் சேர்த்துவைத்த முதலையே இழக்கின்றான். அவன் எழுப்பும் கூக்குரலைப் பிடிவாதமென்று தள்ளிவிடுதல் நேர்மையன்று. அவனது இழப்பு மெய்யானது. எனினும் அக்கூக்குரல் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு மாற்றம் தீதெனத் துணிதலும் பொருந்தாது.

இவ்விரண்டாவது உண்மைக்கு 2006ஆம் ஆண்டு செப்டெம்பரில் பேஸ்புக் தளத்தில் நிகழ்ந்தது தக்க சான்று. அதுவரை ஒருவர் மற்றொருவரின் பக்கத்தைத் தேடிச்சென்று பார்க்க வேண்டியிருந்தது. நண்பர்களின் செய்கைகளை முகப்பிலேயே வரிசையாகக் காட்டும் செய்தியோடை அப்போது புகுத்தப்பட்டது. சின்னாட்களுள் இலட்சக்கணக்கானோர் எதிர்ப்புக் குழுக்களிற் சேர்ந்தனர். வியப்பு யாதெனின், அவ்வெதிர்ப்புச் செய்தி அத்துணை விரைவிற் பரவியதும் அவர்கள் எதிர்த்த அச்செய்தியோடை வழியாகவே. நிறுவனம் யார் எதனைக் காணலாம் என்பதைப் பயன்கொள்வோரே வரையறுக்கும் வசதியைச் சேர்த்தது, ஓடையை நீக்கவில்லை. பின்னர் அத்தளத்தின் உயிர்நாடியே அதுவாயிற்று. இதற்கு மறுதலையும் உண்டு. மைக்ரோசொப்ட் நிறுவனம் 2012இல் வெளியிட்ட விண்டோஸ் 8இல் திரையின் கீழ் மூலையிலிருந்த தொடக்கப் பொத்தானை எடுத்துவிட்டது. மக்கள் ஒருபொழுதும் இணங்கவில்லை. அடுத்த ஆண்டே பொத்தான் மீண்டது.

விக்கிப்பீடியாவின் செய்தி இவ்விரண்டினும் நுட்பமானது. ஆங்கில விக்கிப்பீடியா 2010 முதற் கொண்டிருந்த தோற்றத்தை 2023 சனவரியில் மாற்றியது. நீண்ட வரிகளைக் கண் தொடர்தல் அரிது என்னுங் கருத்தால் வரியின் அகலம் குறைக்கப்பட்டது. இருமருங்கும் வெற்றிடம் தோன்றிற்று. நெடுங்காலம் கட்டுரை தொகுத்துவரும் தொண்டர் பலர் இவ்வெற்றிடத்தை வீண் என்று கடிந்தனர். பழைய தோற்றத்துக்கே மீள வேண்டுமென வாதிட்டனர். வாசிக்க மட்டும் வருவோர் பெரும்பாலும் வாளாவிருந்தனர். கணக்கு வைத்திருப்பவர் தம் விருப்பத்தேர்வில் பழைய தோற்றத்தை மீட்டுக்கொள்ளலாம் என்றொரு வாயில் திறந்துவைக்கப்பட்டிருந்தது. கணக்கில்லாத வாசகருக்கு அவ்வாயில் இல்லை. குரலுடையவர்க்கு வழியும் இருந்தது. குரலற்றவர்க்கு இரண்டும் இல்லை என்பதை ஈண்டு மனத்திற் கொள்ளல் வேண்டும்.

அம்மாற்றத்தில் நம்மைத் தொடும் ஒரு சிறு கூறும் உண்டு. ஒரே பொருள் பற்றிப் பிறமொழிகளிலுள்ள கட்டுரைகளுக்குச் செல்லும் இணைப்புக்கள் முன்பு இடப்புறத்தில் நிரலாகத் தெரிந்தன. புதிய வடிவில் அவை மேலேயுள்ள ஒரு பொத்தானுக்குள் மறைந்தன. ஒரு மொழி மட்டும் அறிந்த வாசகனுக்கு இது பொருட்டன்று. பலர் கவனித்தும் இரார். ஆங்கிலத்திற் தொடங்கித் தமிழிற் தெளிவுபெற்றுச் சிங்களத்திற் சரிபார்க்கும் நம் நாட்டு மாணாக்கனுக்கோ அந்நிரலே தலைவாயில். ஒருவர்க்கு மூலையிலுள்ள அணிகலன் மற்றொருவர்க்கு வாயிற்படி ஆகலாம். வகுப்போன் எந்நிலையில் நின்று பார்க்கின்றான் என்பதே இங்கு வினா.

இனி நம் எழுத்துக்கு வருவோம். தமிழெழுத்தும் ஒரு கருவியே. அதன் தோற்றமும் பன்முறை மாற்றியமைக்கப்பட்டதே. ஓலையில் எழுதிய காலத்து, எழுத்தாணி ஓலையைக் கிழிக்கும் என்றஞ்சிப் புள்ளியை விட்டனர். எகரத்தின் குறிலும் நெடிலும் வரிவடிவில் வேற்றுமையின்றிக் கிடந்தன. கற்றவன் இடம்நோக்கி உணர்ந்துகொண்டான். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனியடையாளம் அமைத்தார். பண்டை இலக்கணம் குறிலுக்குப் புள்ளியிட்டு வேறுபடுத்தியதற்கு இது நேர்மாறான வழி. அச்சு பரவியபோது அவ்வடிவமே நிலைபெற்றது. இன்று அதனை எவரும் சீர்திருத்தமென எண்ணுவதுகூட இல்லை.

பெரியார் ஈ. வெ. இராமசாமி 1935ஆம் ஆண்டு முதல் தம் குடிஅரசு இதழில் வழங்கிய மாற்றம் நம்முள் முதியோர் பலர்க்கு நேரே தெரிந்தது. கை, தை, மை என்பவற்றில் ஐகாரக் குறி முன்னே நிற்க, ணை, லை, ளை, னை என்னும் நான்கு மட்டும் யானைத் தும்பிக்கை போன்றதொரு வளைவை மேலே தாங்கி நின்றன. ணா, றா, னா என்பனவும் அவற்றோடியைந்த ஒகர ஓகார வரிசைகளும் காலின்றித் தனிவடிவம் பூண்டிருந்தன. இவற்றை ஏனை எழுத்துக்களோடு ஒத்த முறையில் அமைத்தலே அவர் செய்தது. தமிழ்நாட்டு அரசு 1978இல் அவற்றுட் பதின்மூன்று வடிவங்களை ஏற்று ஆணை பிறப்பித்தது. ஐ, ஔ என்பவற்றை அய், அவ் என எழுதுமாறு அவர் கூறியதோ அவ்வாணையில் இடம்பெறவில்லை. இதழில் தொடங்கி ஆணையாக முடிய நாற்பத்து மூன்று ஆண்டுகள் சென்றன. ஓர் இணையத்தளம் தன் புதிய முகப்புக்கு ஒரு கிழமை அவகாசம் தருவதனோடு இதனை ஒப்புநோக்குக.

இம்மாற்றத்தை யார் எவ்வாறு ஏற்றனர்? அச்சுக்கோப்போனுக்கு இது நன்மை. எழுத்துப்பெட்டியில் தனித்தனி அறைகள் குறையும். தட்டச்சுப்பொறிக்கும் நன்மை, யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்த ஆர். முத்தையா தமிழுக்குப் பொறி அமைக்கப் பட்ட பாடெல்லாம் எழுத்துருவங்களின் பெருக்கத்தைச் சில விசைகளுள் அடக்குவதிலேயே சென்றது. முதலிற் கற்கும் குழந்தைக்கு மிக்க நன்மை. விதிவிலக்கு ஒன்று ஒழிந்தது. எழுதப் பழகிய கைக்குத்தான் தீது. தும்பிக்கை லை இட்டுக் கையொப்பம் இட்டவர் பலர் ஈற்றுவரை அதனை விடவில்லை. எதிர்த்தவருள் ஒரு சாரார்க்கு எழுத்தைவிட அதனை முன்மொழிந்தவர்மீதே மனத்தாங்கல். மாற்றத்தை யார் கொணர்ந்தார் என்பதும் மாற்றத்தின் ஒரு பகுதியாகவே மக்கள் கண்ணிற் படுகின்றது. இலங்கையிலும் பழைய வடிவம் அச்சிலிருந்து மெல்லவே விலகியது. ஒரே நூலகத் தட்டில் இருவகை நூல்களும் கலந்திருந்தமையால் அக்காலத்து மாணாக்கர் இரண்டையும் இயல்பாக வாசித்தனர். இன்றைய மாணாக்கன் பழம்பதிப்பொன்றை எடுத்தால் 'னை' என்னுமிடத்திற் சற்றே நின்று தடுமாறுகின்றான். முன்னை வடிவம் மறையும்போது அவ்வடிவிலுள்ள நூலும் ஓரளவு அயலதாகின்றது.

வடிவமாற்றத்தால் வாசகர் கூட்டமொன்றே பிரியக்கூடும் என்பதற்குக் கல்முனைக் கரையோர முஸ்லிம் ஊர்கள் காட்டும் சான்று அரபுத்தமிழாகும். மொழி தமிழ், எழுத்து அரபு, வலமிருந்து இடமாகச் செல்வது. அரபில் இல்லாத ட, ண, ள, ழ, ற, ப முதலிய ஒலிகளுக்கு அரபெழுத்துக்களின்மேல் மிகையான குறிகள் சேர்த்து எழுத்துக்கள் ஆக்கினர். கீழக்கரையில் வாழ்ந்து 1898இல் மறைந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் முதலிய அறிஞர் இவ்வெழுத்தில் நூல் செய்தனர். தமிழகத்துக் கரைக்கும் இலங்கைக் கரைக்கும் இடையே இது வழங்கிற்று. இதன் பெரும்பயன் பெண்களைச் சார்ந்தது. குர்ஆன் ஓதுதற்காகச் சிறுமியர் அரபெழுத்தைக் கற்றனர். பாடசாலைக்குச் செல்லாத காலத்தும் அவ்வெழுத்தின் வழியே தம் தாய்மொழி நூல்களை வாசிக்க வல்லவராயினர். குடிமதிப்பெடுப்போர் கண்ணில் எழுத்தறியாதவர், உண்மையில் வாசகர்.

பின்னர்ப் பொதுப் பாடசாலைகள் பரவின. கல்முனை ஸாஹிறாக் கல்லூரி 1949இற் தோன்றிற்று. பேரப்பிள்ளைகள் தமிழெழுத்திற் படித்துப் பட்டம் பெற்றனர். இன்று ஒலுவிலில் பல்கலைக்கழகமே நிற்கின்றது. இப்பேற்றைக் குறைகூறுவார் யாருமிலர். ஆயினும் இம்மாற்றத்தில் உம்மம்மாமாரின் வாசிப்பு எவராலும் கணக்கிடப்படாதே ஒழிந்தது. அவர்கள் கூட்டங்கூடி எதிர்க்கவில்லை, மனுக் கொடுக்கவில்லை. தம் பெட்டியிலிருந்த மாலை நூல்களைப் பேரர்க்கு வாசித்துக் காட்ட, பேரர் அவ்வெழுத்தை அறியாராய்ப் போயினர். முன்னர்க் குறித்த நால்வகையினருள் ஒரு சொல்லுஞ் சொல்லாது அகல்வோர் இவரே. மாற்றத்தின் விலையை அளப்போர் தவறவிடுவதும் இவரையே.

கணினிக்காலத்தில் இக்கதை மீண்டும் நிகழ்ந்தது. இலங்கையில் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பெரிதும் வழங்கிய எழுத்துரு பாமினி. அதன் இயல்பு என்னவெனில், ஆங்கில எழுத்தின் இடத்திலேயே தமிழ் உருவத்தை ஒட்டிவைத்ததாகும். தமிழ் என்னும் சொல்லைத் தட்டினால் திரையில் தமிழ் தெரியும். கணினியின் உள்ளேயோ ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று கிடக்கும். பாமினி இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால் அந்த ஆங்கிலக் குழப்பமே வெளிப்படும். தேடுபொறி அதனைத் தமிழென அறியாது. ஒருங்குறியில் 1991ஆம் ஆண்டு முதலே தமிழுக்கு இடமுண்டு. அதில் ஒவ்வோர் எழுத்துக்கும் உலகெங்கும் ஒரே எண். இலங்கைக் கட்டளைகள் நிறுவனமும் 2008இல் 1326 என்னும் நியமத்தை இதற்கென வெளியிட்டது. நன்மை வெளிப்படை, மறுப்பதற்கில்லை.

ஆயின் தேர்ந்த தட்டச்சாளர் நிலை யாது? பாமினியில் அவர் எழுதும் ஒழுங்கிலேயே தட்டினார்: 'கொ' வேண்டுமாயின் முதலிற் கொம்பு, பின்னர்க் ககரம், இறுதியிற் கால். கை கண்ணைத் தொடர்ந்தது. ஒருங்குறியோ ஒலியின் ஒழுங்கைப் பற்றியது: முதலில் மெய், பின்னர் உயிர்க்குறி. இலக்கணம் கற்றவனுக்கு இது முறையாகத் தோன்றும். முப்பதாண்டு கொம்பை முன்தட்டிய விரலுக்கோ தலைகீழ்ப் பாடம். அச்சகத்தில் திருமண அழைப்பிதழும் மரண அறிவித்தலும் நாழிகைக் கணக்கில் முடித்துக் கொடுக்கும் ஒருவருக்கு வேகமே ஊதியம். அவர் பாமினியை விடாதிருந்தது அறியாமையன்று, கணக்கு. பின்னர்ப் பழைய விசை ஒழுங்கிலேயே தட்டி ஒருங்குறியைப் பெறும் மென்பொருள்கள் வந்தன. உள்ளே வடிவம் மாறியது. விரலின் பாதை மாறவில்லை. மாற்றங்களுள் எனக்குச் சிறந்ததாகத் தோன்றுவது இவ்வகையே. கைப்பேசியிற் தொடங்கிய இளைஞனோ பாமினியின் பெயரையும் அறியான். ஆங்கில எழுத்தில் தமிழை ஒலித்துத் தட்டி, வளைகுடா நாட்டிலிருக்கும் வாப்பாவுக்கு நொடியிற் செய்தி அனுப்புகின்றான்.

இங்ஙனம் எழுத்திற் கண்டவற்றை இன்றைய இணையத்தளத்திற் பொருத்திப் பார்ப்போம். க.பொ.த. பரீட்சை முடிவுகள் பரீட்சைத் திணைக்களத்தின் தளத்தில் வெளியாவன. மாணாக்கன் தன் கைப்பேசியில் சுட்டெண்ணை இட்டுப் பார்ப்பான். கைப்பேசியிற் பழகாத தாய் தகப்பன்மார் கடைத்தெருவிலுள்ள கொமியூனிகேஷனுக்குச் சென்று, சுட்டெண் எழுதிய துண்டைக் கொடுத்து, அங்குள்ள பையனைக் கொண்டு பார்ப்பிப்பர். இத்தகைய தளமொன்றின் தோற்றம் மாறுமாயின் மூவகை மனநிலை தோன்றும். மாணாக்கன் சற்றே தேடிக் கண்டுபிடித்து மறந்துவிடுவான். கடைப்பையன் எரிச்சலடைவான், வரிசை நீளும்போது ஒவ்வோர் அழுத்தும் அவனுக்குக் கூலிக்கணக்கு. தந்தை எதனையும் அறியார். 'இன்றைக்குச் சுணங்குகின்றது' என்று மட்டும் எண்ணுவார். தளத்தின் உண்மையான பயன்கொள்வோன் தந்தையே. தளத்தைத் தொடுபவனோ வேறொருவன்.

மொழியும் இதிற் சேர்கின்றது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. தளம் புதுப்பிக்கப்படும்போது முதலில் ஆங்கிலப் பக்கமும் பிறகு சிங்களப் பக்கமும் நிறைவுபெற, தமிழ்ப் பக்கம் பாதியில் நிற்கும் வழக்கம் பலவிடத்தும் காணப்படுகின்றது. வகுத்தோனுக்கு அது முடிவுறாத சிறு வேலை. அக்கரைப்பற்றிலோ காரைதீவிலோ தமிழ் மட்டும் அறிந்து விண்ணப்பம் நிரப்ப முயல்பவருக்கு அன்று அவ்வலுவலகம் மூடிக்கிடப்பதற்கு ஒப்பாகும். 2004 திசெம்பர் 26ஆந் திகதி கடல் பெருகியபோது இக்கரையோரத்தில் வீட்டோடு பிறப்புப் பத்திரமும் காணியுறுதியும் இழந்தவர் பலர். அத்தகையோர்க்குப் படிவமென்பது வேண்டியபோது பார்க்கும் பக்கமன்று. வாழ்வைத் திரும்பக் கட்டும் கருவி.

தளம் வகுப்போர் என் செய்யலாம்? யேக்கப் நீல்சன் என்னும் ஆய்வாளர் 2000ஆம் ஆண்டில், ஐந்து பேரை அமர்த்தி அவர்கள் தளத்தைப் பயன்படுத்துவதை அருகிருந்து பார்த்தாலே பெரும்பாலான குறைகள் புலப்படும் என்றெழுதினார். எண்ணைப் பற்றிப் பின்னர் வாதம் எழுந்தது; முறை நன்று. ஆனால் ஐவரும் ஒரே அலுவலகத்திலுள்ள பட்டதாரிகளாயின் பயனில்லை. ஒருவர் தட்டச்சாளராகவும், ஒருவர் கடைப்பையனாகவும், ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவைத்துச் சிறிய கைப்பேசியைத் தூரப்பிடித்துப் பார்க்கும் முதியவராகவும் இருத்தல் வேண்டும். விருப்பமா வெறுப்பா என்று அவர்களைக் கேட்பது வீண். பழக்கமற்ற எதனையும் முதல்நாள் எவரும் விரும்பார். மரியாதைக்காக 'நன்று' என்பாரும் நம்மவருட் பலர். சுட்டெண்ணைக் கொடுத்து, முடிவை எடுத்துத் தருமாறு சொல்லிக் கைகட்டியிருந்து பார்த்தல் வேண்டும். விரல் எங்கே நின்று தயங்குகின்றதோ அங்கே பிழையுண்டு. பழைய வாயிலையும் சில திங்கள் அடையாது வைத்தல் செலவு மிகுந்ததன்று. அதன்வழி வருவோர் தொகை நாளடைவிற் குறைகின்றதா, குறையாது நிற்கின்றதா என்பதே மாற்றத்தின் தகுதியை ஆரவாரத்தினும் தெளிவாகக் காட்டும்.

அத்தொகையையும் கவனித்தே எண்ணுதல் வேண்டும். தளத்தின் குறிப்பேடு கணினிகளை எண்ணுமேயன்றி மனிதரை எண்ணுவதில்லை. கல்முனைக் கடைத்தெருவிலுள்ள ஒரு கொமியூனிகேஷனில் முடிவு வெளியாகும் நாளன்று இருபது குடும்பங்கள் வந்து காத்திருந்து பார்த்துச் சென்றாலும், அக்குறிப்பேட்டில் அது ஒரு கணினி. பழகியவர் என்னும் நிரலில் ஒருவர்.